வெடிக்காத தோட்டா

1

அன்று குதிரைமசால் தீவன வயலில் இருந்தவர்கள்: ஓர்வல் ட்வைட் ஆகிய நான், என் மனைவி மார்லிஸ், நகரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் அவள் தம்பி டுவேன். வேறு யாருமில்லை. மொன்டானாவில் எங்கள் மாவட்டத்து நூற்றாண்டு மலருக்குக் குடும்பத்துக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். ஊரில் எங்களைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. அந்தப் பேச்சு இல்லையென்றால் இந்தப் பக்கத்தை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ட்வைட் குடும்பத்தார் தரையணில்களைக்கூட .25-06 துப்பாக்கியால்தான்..."

(அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே மார்தட்ட வேண்டாம்.)

2

தரையணில் ஒரு சாண் உயரம். ஆனால் வயல் முழுக்க வளை தோண்டும். புல்லறுக்கும் எந்திரத்தின் கத்தி மண்மேட்டில் மோதி உடையும். என் அப்பாவின் .25-06 மானையே சாய்க்கும். டுவேன் சிறிய .223 ஒன்றைக் கொண்டுவந்திருந்தான்.

"மச்சான், ஒரு காலைல இருநூறு தடவை சுடணும். உங்க பீரங்கி முப்பதுலயே கொதிச்சிடும்."

"காத்தடிச்சா உன் பொம்மைத் துப்பாக்கிக் குண்டு பக்கத்து மாவட்டத்துக்குப் போயிடும்டா."

நான் அதுவரை ஐந்து முறை தவறவிட்டிருந்தேன்.

"காத்தா இப்போ குண்டைத் திருப்புது?" என்றாள் மார்லிஸ்.

(இந்த இடத்தில் டுவேனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

3

அப்பாவின் துப்பாக்கியில் டுவேனே தோட்டா நிரப்பிக் கொடுத்தான். நடுவில் மருந்தில்லாத ஒன்றை எனக்குச் சொல்லாமல் வைத்துவிட்டான். வெடிச் சத்தத்துக்கும் துப்பாக்கி தோளில் உதைப்பதற்கும் முன்கூட்டியே மிரள்கிறவனைக் கண்டுபிடிக்க எங்கள் பக்கத்தில் செய்வதுதான்.

விசையை இழுத்தேன். "டிக்." வெடிக்கவில்லை. ஆனால் குழல்முனை தரையைப் பார்த்துக் குனிந்தது. என் கண்கள் இறுக மூடியிருந்தன.

திறந்தபோது இருவரும் எங்கோ மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தோட்டா பழசு போல, மச்சான்," என்றான் டுவேன்.

4

முடிவு அ: அப்பாவின் துப்பாக்கியோடே வீடு திரும்பினேன். (பொய்.)

முடிவு ஆ: மார்லிஸின் தோள்வலிக்காக .223 வாங்கினோம். (ஊர் சொல்வது இதைத்தான். கடையில் ஒருவர் கேட்டபோது நான்தான் அப்படி...)

அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. மார்லிஸ் தாளை வாங்கிப் படித்தாள்.

"என் தோளுக்கு என்னய்யா கேடு?"

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கே, மார்லிஸ்."

"நாப்பத்தாறு வருஷமா நான் எந்தக் குடும்பத்துல இருக்கேனாம்?"

5

முடிவு எழுதப்போவதில்லை. நான் கண்ணைத் திறந்து சுடப் பழகினேனா என்பதை வாசிப்பவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். ஒரு திருத்தம் மட்டும்.

.223 மார்லிஸுக்காக வாங்கியதல்ல. அவள் என் அப்பாவின் .25-06-ஐச் சுடுகிறாள். அன்று அதை என்னிடமிருந்து வாங்கிச் சுட்டபோது அவள் ஒன்றையும் தவறவிடவில்லை. .223 எனக்கு.