ஒன்பது விண்மீன் வரம்பு

வரம்பாக விட்டிருந்த ஒன்பது விண்மீன்களுள் நான்காவதையும் கறையான் பிடித்துக்கொண்டபோது, மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விடலாமா என்று தனுஷியா எண்ணினாள். ஆயினும் மூடவில்லை. மூடினால், எதிரே இருக்கும் நிஸ்றா அதனை ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரிப்பாள்.

"என்னகா, போச்சா?" என்று தன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே நிஸ்றா கேட்டாள்.

"போச்சு. நாலாவதும் போச்சு."

"நான் சொன்னன்தானே, நீ எடு எண்டு."

"நானும் சொன்னன்தானே, நீ எடு எண்டு."

ஓட்டமாவடியில், நிஸ்றாவின் வீட்டு முன்னறையில், ஞாயிறு காலைதோறும் நான்கு மாதங்களாக இவ்விளையாட்டு நடைபெற்று வந்தது. நிஸ்றா பாடசாலையொன்றிலே கணினி கற்பிப்பவள். தனுஷியா பாலத்துக்கு அப்பால் வாழைச்சேனையிற் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுநர். தொழினுட்பக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இருவருக்கும் முப்பத்தாறு வயது. இருவருக்கும் பிள்ளைகள் உண்டு. இருவரும் ஞாயிறு காலை ஒன்பது மணி முதற் பன்னிரண்டு மணி வரை பிள்ளைகளைக் கணவன்மாரிடம் ஒப்படைத்துவிட்டு விண்வெளியை ஆண்டார்கள்.

விளையாட்டின் முறை எளியது. திரையில் ஒரு வான்வெளி விரியும். ஆண்டுகளும் அங்கே திரைக்குள்ளேயே கழியும். ஒரு விண்மீனைச் சுற்றி நிலையம் ஒன்றை அமைத்தவருக்கு அவ்விண்மீன் சொந்தம். இடப்பக்கத்து விண்மீன்கள் தனுஷியாவின் பேரரசு. வலப்பக்கத்தன நிஸ்றாவின் பேரரசு. இருவரும் நட்பு நாடுகள். வடக்கே மூன்றாவதாக ஒரு பேரரசு இருந்தது. அதனை ஆள்பவர் மனிதர் அல்லர். கணினியே அதற்கு அரசன், அமைச்சன், படைத்தலைவன் எல்லாம். அதற்கு விளையாட்டிலே நீண்ட பெயரொன்று உண்டு. ஓசையின்றி வந்து அரித்துவிட்டுப் போகும் அதன் குணத்தைக் கண்டு நிஸ்றா அதற்குக் கறையான் என்று பெயரிட்டாள்.

இருவரின் நாடுகளுக்கும் நடுவே, மேலிருந்து கீழாக, ஒன்பது விண்மீன்கள் ஒரு நிரையாக நின்றன. முதல் நாளிலேயே, ஒருவரையொருவர் கேளாமல், இருவரும் அந்நிரையை எடுக்காது விட்டனர். இரண்டாம் வாரத்திலேதான் அதற்கு வரம்பு என்ற பெயர் வாய்த்தது. வேறெந்த ஊரவரும் இவ்விளையாட்டிலே இத்தகைய பிழையைச் செய்திருக்கமாட்டார். வெறுமனே கிடக்கும் விண்மீனைக் கண்டால் கறையான் விடுமா? வடக்கேயிருந்து இறங்கி, வரம்பின் மேலாகவே நடந்து வந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலையம் வைத்துவிட்டது. இப்போது நான்கு. ஒன்பதாவது விண்மீன் வாசல் விண்மீன். இரு நாட்டுக் கப்பல்களும் அதனூடாகவே ஒன்றையொன்று அடையமுடியும். அங்கே கறையான் வந்துவிட்டால் நட்பும் இல்லை, வெற்றியும் இல்லை. பழைய நிலைக்குத் திரும்பிச் சென்று மறுபடி ஆட முடியாதவாறு அவர்களே தொடக்கத்தில் ஏற்பாடு செய்துவிட்டிருந்தார்கள். அது நிஸ்றாவின் யோசனை.

தனுஷியாவின் திரையில் கறையானின் மடல் ஒன்று வந்து நின்றது. அவள் அதனைத் தமிழாக்கி வாசித்தாள்.

"உங்கள் எல்லை எங்கள் எல்லைக்கு மிக அண்மையில் உள்ளது. இஃது எமக்குக் கவலையளிக்கின்றது."

"எனக்கும் அதே கடிதம் வந்திரிக்கு," என்றாள் நிஸ்றா.

"வந்து குந்தினது அவன். கவலையும் அவனுக்கா?"

"கவலைப்படட்டும். உனக்கு ஏன் கோவம் வருது?"

"போன கிழமை பரிசு அனுப்பினன். முந்தின கிழமை ஒப்பந்தம் கேட்டு எழுதினன். நன்றி எண்டு சொல்லிப்போட்டு அடுத்த வருசமே மூணாவதுல நிலையம் வைச்சான். மூஞ்சி இருந்தா அறையலாம். மூஞ்சியும் இல்ல."

நிஸ்றா தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "இப்ப அஞ்சாவதை எடு. இன்னும் ரெண்டு வருசத்தில அதுக்கும் வருவான்."

"நீ எடு."

"ஏன்கா நான் எடுக்கணும்? உன்ட நாட்டுக்குத்தானே கிட்ட."

"ரெண்டு பேருக்கும் ஒரே தூரம். அளந்து பாத்தனான்."

"அளந்து வேற பாத்திரிக்காய்."

இந்தச் சொற்போர் மூன்று ஞாயிறுகளாக நடந்தது. ஒவ்வொரு முறையும் கறையான் ஒரு விண்மீனைப் பெற்றுச் சென்றது. விளையாட்டிலே ஒரு விசையை அழுத்துவதற்கு இத்துணைத் தயக்கம் எதற்கு என்று அவர்களை அறியாதவர் கேட்கக்கூடும். அவர்களுக்குப் புளியடி வட்டை என்னும் வயல்வெளியிலே அடுத்தடுத்து வயல் இருந்தது. தனுஷியாவின் தந்தை கோணாமலையும், நிஸ்றாவின் தந்தை பதியுதீனும் அவ்வயல்களை மகள்மாருக்குச் சீதனமாகக் கொடுத்தவர்கள். கொடுப்பதற்கு முன்னர், இரு வயலுக்கும் நடுவிலிருந்த மண் வரம்பை யார் செதுக்கினார், யார் எவ்வளவு செதுக்கினார் என்ற ஒரு முழப் பிணக்கிலே பதினொரு வருடம் பேசாதிருந்தவர்கள். ஒருவர் இல்லத்துத் திருமணத்துக்கும் மற்றவர் போகவில்லை, மரணச் சடங்குக்கும் போகவில்லை. இறுதியில், வயல்வெளிக் காரியங்களை மேற்பார்க்கும் வட்டைவிதானையாக இருந்த அசனார் கயிறு பிடித்து, இரு தரப்பாரும் பார்த்திருக்க வரம்பைக் கட்டுவித்து, இனி அதில் இருவருமே மண்வெட்டி வைக்கக்கூடாது, தம்முடைய ஆளே வந்து செதுக்குவான் என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முதல் அது ஒருவருக்கும் சொந்தமற்ற வரம்பு. அதன் பின்னரே மகள்மாரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வரலாயினர்.

சென்ற மார்கழி வெள்ளம் அந்த வரம்பைக் கொண்டுபோய்விட்டது. அசனாரும் இப்போது உயிருடன் இல்லை. புதிய விதானைக்கு அது எங்கே இருந்தது என்று தெரியாது. சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் திறக்க இன்னும் பத்து நாள்களே இருந்தன. வரம்பு இல்லாமல் இரு வயலுக்கும் தண்ணீர் கட்ட முடியாது. ஆயினும் ஞாயிறுதோறும் ஒரே மேசையில் அமர்ந்திருந்த அவ்விருவரும் அதனைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பேசினால் எங்கே என்று சொல்ல வேண்டிவரும். தவறாகச் சொன்னால் மறுபடியும் பதினொரு வருடம்.

தனுஷியாவின் கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது. கோணாமலை.

"சொல்லுங்க அப்பா."

கோணாமலைக்குக் காது மந்தம். ஆதலால் அவர் பேசுவது அறை முழுவதும் கேட்டது. "வரம்பு கட்ட ஆள் பாத்தியா? நான் சொன்னது ஞாபகமா? அவங்க முந்திக்கொள்ள முதல், நம்மட பக்கத்துக்கு ஒரு முழம் கூட வைச்சுக் கட்டு. மறுகா கேட்டா, வெள்ளத்துல தெரியல்ல எண்டு சொல்லு."

தனுஷியா அழைப்பை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. நிஸ்றாவும் தன் திரையையே பார்த்தாள்.

"என்ட வாப்பாவும் அதைத்தான் சொன்னார்," என்றாள் நிஸ்றா.

"எதை?"

"ஒரு முழம் கூட வைச்சுக் கட்டச் சொல்லி. வெள்ளத்துல தெரியல்ல எண்டு சொல்லச் சொல்லி. சொல்லுக்குச் சொல் அதேதான். ரெண்டு பேரும் கூடிப் பேசி எழுதின மாதிரி."

"அப்ப ஏன் நீ என்னட்டச் சொல்லல்ல?"

"நீ சொன்னியா?"

தனுஷியாவுக்கு அப்போது தன் தந்தைமீதும் எரிச்சல், பதியுதீன்மீதும் எரிச்சல், கறையான்மீது இருந்த எரிச்சலோ தனி. "ரெண்டு கிழவன்மாரையும் கப்பல்ல ஏத்திக் கறையானுட்ட அனுப்பணும்," என்றாள்.

"அனுப்பினா அவன் இடத்தை விட்டுட்டு ஓடிருவான்," என்றாள் நிஸ்றா. இருவரும் சிரித்தனர். சிரிப்பு அடங்கியதும், ஐந்தாவது விண்மீனை நோக்கிக் கறையானின் கட்டுமானக் கப்பல் ஒன்று புறப்பட்டிருப்பதை நிஸ்றாதான் முதலிற் கண்டாள்.

"வாறான். அடுத்த வருசம் வந்திருவான். சும்மா நீ எடு, நான் கேக்க மாட்டன்."

"கேக்க மாட்டாய். ஆனா ஞாபகம் வைச்சிருப்பாய்."

"ஓம், வைச்சிருப்பன். நீயும்தான் வைச்சிருப்பாய். அதுக்காக அவனுக்குக் குடுக்கிறதா? நம்ம ரெண்டு பேரும் மரியாதை பாத்துப் பாத்து நாலு குடுத்தாச்சு."

நிஸ்றா எழுந்து மேசையைச் சுற்றி வந்து, தனுஷியாவின் தோளருகே நின்று, திரையைச் சுட்டினாள். "மிச்சம் அஞ்சு. ஒண்டு விட்டு ஒண்டு எடுப்பம். அஞ்சு உனக்கு, ஆறு எனக்கு, ஏழு உனக்கு, எட்டு எனக்கு, ஒன்பது உனக்கு."

"அப்ப எனக்கு மூணு, உனக்கு ரெண்டு."

"அஞ்சாவதுதான் கறையானுக்கு மூக்குக்கு முன்னால. அடி விழுந்தா அதுலதான் விழும். அடிய நீ வாங்கு. அதுக்குக் கூலி ஒன்பதாவது."

"அப்பிடிச் செய்தா உன்ட விண்மீன் என்ட பக்கத்துல கிடக்கும், என்டது உன்ட பக்கத்துல கிடக்கும். எல்லை எங்க எண்டே தெரியாது."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்?"

தனுஷியா ஐந்தாவது விண்மீனின்மீது சுட்டியை வைத்தாள். விரல் அழுத்த மறுத்தது. மூன்று வாரங்களாக மறுத்த விரல் அது. நிஸ்றா தன் இருக்கைக்குத் திரும்பிச் சென்று, ஆறாவதை முதலில் எடுத்துக்காட்டினாள். "நான் எடுத்திட்டன். இப்ப நான்தான் முதல்ல வரம்புல மண்வெட்டி வைச்சவ. இனி நீ எடுத்தா ஆருக்கு என்ன?"

தனுஷியா அழுத்தினாள்.

கறையானின் கப்பல் பாதி வழியில் நின்றது. சற்றுத் தயங்கியதுபோல் இருந்தது. பின்னர்த் திரும்பி வடக்கே சென்றது. உடனே இரு திரைகளிலும் மடல் வந்தது. உங்கள் எல்லை எங்கள் எல்லைக்கு மிக அண்மையில் உள்ளது.

"பதில் எழுதவா?" என்றாள் தனுஷியா.

"எழுதாத. கவலைப்படட்டும்."

பன்னிரண்டு மணிக்கு முன்னர் ஏழும் எட்டும் ஒன்பதும் கைக்கு வந்தன. போன நான்கும் போனவைதாம். கணினியை மூடி உறையிலிட்ட பின்னர், வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே தனுஷியா சொன்னாள்: "சனிக்கிழமை வட்டைக்கு வா. நீயும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வா. வாய்க்கால் பக்கத்துப் பாதிய நான் கட்டுறன். மருதமரப் பக்கத்துப் பாதிய நீ கட்டு."

"கயிறு?"

"ஆளுக்கொரு கயிறு. அவங்கவங்கட ஞாபகப்படி பிடிப்பம்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. வாய்க்காலோரத்திலிருந்து தனுஷியா தன் கயிற்றைப் பிடித்தாள். முந்நூறு அடிக்கு அப்பால், மருதமரத்தடியிலிருந்து நிஸ்றா தன் கயிற்றைப் பிடித்தாள். சேற்றை வெட்டிப் போட்டு, மிதித்து, மேலே புல்வேர்க் கட்டிகளான புல்லடை வைத்து, இரு தரப்பு ஆட்களும் நடுவை நோக்கிக் கட்டிக்கொண்டு வந்தனர். பதினொரு மணியளவில் இரு பாதிகளும் அண்மித்தன. அப்போதுதான் அவை ஒன்றையொன்று சந்திக்கமாட்டா என்பது தெரியவந்தது. இடையிலே சரியாக ஒரு முழம் விலகி நின்றன.

தனுஷியா குனிந்து பார்த்தாள். தன்னுடைய பாதி தன் வயலுக்குள்ளே விழுந்திருந்தது. நிஸ்றாவின் பாதி நிஸ்றாவின் வயலுக்குள்ளே விழுந்திருந்தது. மற்றவளின் மண்ணைத் தொட்டுவிடுவோமோ என்று அஞ்சி, இருவருமே தத்தம் நிலத்தை விட்டுக்கொடுத்துக் கட்டியிருந்தார்கள்.

"இதை வெட்டிப்போட்டு நேராக்குவம்," என்றாள் தனுஷியா. "நீ இஞ்சால வா."

"நான் ஏன்கா வரணும்? நீ அங்கால போ."

"உன்ட பக்கம்தான் உள்ளுக்குக் கிடக்கு."

"உன்ட பக்கமும்தான் உள்ளுக்குக் கிடக்கு. இடம் உனக்குக் கூடத்தானே வரும், எடு."

"நீ எடு."

ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றனர். அவர்களுள் ஒருவர், "ரெண்டு பேரும் வேணாம் எண்டா நாங்க எடுத்துக்கொள்ளவா, தங்கச்சி?" என்றார். தனுஷியாவுக்கு வெயிலிலே தலை வலித்தது. நிஸ்றாவின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, இரு பாதிகளின் முனைகளுக்கும் நடுவே, குறுக்காக ஒரு முழ நீளத்துக்குச் சேற்றை வெட்டிப் போட்டாள். நிஸ்றா அதனைக் காலால் மிதித்து இறுக்கினாள். வரம்பு நடுவிலே ஒரு படிபோல மடிந்து, மறுபடி நேரே சென்றது. பார்க்க அழகாக இல்லை. தண்ணீர் மட்டும் கசியவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. கோணாமலை.

"கட்டியாச்சா?"

"கட்டியாச்சு அப்பா."

"நேரா இரிக்கா?"

"இல்ல. கோணல்."

"ஆருட பக்கம் கோணல்?"

"ஒரு பாதி நம்மட பக்கம், மறுபாதி அவட பக்கம்."

"அப்ப நான் சொன்ன அந்த ஒரு முழம்?" என்று கேட்டார்.

தனுஷியா சேற்றுக் காலோடு வரம்பின் நடுவைப் பார்த்தாள்.

"அது நடுவுல குறுக்கால படுத்திருக்கு, அப்பா."