பெண் கேட்கப் போன நாளில் கியர் ஆயில்

மகனுக்குப் பெண் கேட்கப் போகிற நாளில் எந்த மனுஷனாவது காருக்கு அடியில் போய்ப் படுப்பானா? என் வீட்டுக்காரர் படுத்தார். வெள்ளிக்கிழமை காலை. அஜ்லூன் மலை மேல் வானம் சாம்பலாய் இறங்கிக் கிடக்கிறது, மதியத்துக்கு மேல் பனி கொட்டும் என்று ரேடியோ கத்துகிறது, இவர் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, கிழிந்த கம்பளம் ஒன்றை விரித்து உள்ளே நுழைந்துவிட்டார்.

"அபூ ராகான்! கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு? இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா?"

மகன் ராகானின் பேரால் ஊரில் இவர் அபூ ராகான், நான் உம் ராகான். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "பின்னாடி ஊளையிடுதுன்னு யாரு சொன்னா? நீதானே? கியர் ஆயிலை மாத்திட்டா வாய மூடிக்கும்."

"எது வாய மூடிக்கும்?"

"அந்தப் பெட்டியும். நீயும்."

சொன்னது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆலையில் ஆலிவ் எண்ணெய் ஆட்டிக்கொண்டு திரும்பும்போது பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நேர் கீழே, பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற கியர் பெட்டியிலிருந்து ஒரு முனகல். ஆண்பிள்ளைகள் காதில் அதெல்லாம் விழாது, அவர்களுக்குத் தங்கள் பேச்சே கேட்டால் போதும். ஆனால் போன வாரம் சொன்னதை இன்றைக்குச் செய் என்றா சொன்னேன்?

மாலையில் நாங்கள் போக வேண்டியது மலை உச்சியில் இருக்கிற தெய்ர் ஸஃப்ஸாஃப் ஊருக்கு, மத்லக் ஹாஜி வீட்டுக்கு. அவருடைய இளைய மகள் ஜுமானா என் ராகானோடு ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர். முதல் தடவை ஆள் அனுப்பியபோது ஹாஜி முகத்தில் அடித்த மாதிரி மறுத்துவிட்டார். பையன் மேல் குறை சொல்லவில்லை. மூத்தவள் விதாதை மலைக்குக் கீழே கட்டிக்கொடுத்திருந்தார். ஒரு பனிக்காலம் அவள் தாய் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது, மருமகன் போனில் 'வண்டி கிளம்பலை' என்று சொல்லிவிட்டான். பனி விலகி அவள் வந்து சேர்ந்தபோது தாயை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். விதாத் புருஷனிடம் திரும்பிப் போகவேயில்லை. கீழே இருக்கிறவனுக்கு இனி மகளைக் கொடுக்கமாட்டேன் என்று ஹாஜி அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்.

ராகானும் விடவில்லை, அந்தப் பெண்ணும் விடவில்லை. கடைசியில் ஹாஜி சொல்லி அனுப்பினார்: "வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிஞ்சு ஜாஹா கூட்டிட்டு வாங்க. பனி வந்தாலும் வாங்க. வர முடியலேன்னா அதுவும் எனக்கு ஒரு பதில்தான்."

ஜாஹா என்றால் பெண் கேட்கப் போகிற ஆண்கள் கூட்டம். இப்போது புரிகிறதா நான் ஏன் கத்தினேன் என்று? எங்கள் தெருவில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இரண்டுதான். ஒன்று எங்களுடையது. இன்னொன்று காலையிலேயே இர்பித் டவுனுக்குப் போய்விட்டது.

நான் உள்ளே போய் ராகானின் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. கியர் ஆயில் நாற்றம் தெரியுமல்லவா? அழுகின முட்டையை இரும்புக் கடையில் உடைத்த மாதிரி. சரி, பழைய ஆயில் இறங்குகிறது என்று நினைத்தேன். பிறகு 'டங் டங்' என்று சத்தம். பிறகு சத்தமே இல்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே ஓடினேன்.

அவர் கம்பளத்தில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. பக்கத்துச் சட்டியில் பழைய ஆயில் கருப்பாய்ப் பளபளத்தது.

"என்னங்க?"

"மேல் மூடி திறக்க வரலை."

"எந்த மேல் மூடி?"

"ஆயிலை ஊத்துறது மேல் மூடி வழியா. இறக்குறது கீழ் மூடி வழியா. இறக்கிட்டேன். ஊத்த முடியலை. ராட்செட் சாவி போட்டுத் திருகினேன், மூடியில சாவி மாட்டுற குழி வழுக்கி வட்டமாப் போச்சு."

வீட்டில் ஆயில் மாற்றுகிற எவனும் சொல்கிற முதல் பாடம் அது: முதலில் மேலே திறந்து பார், அது திறந்தால்தான் கீழே கை வை. இதே மனுஷன் தெருவில் நின்று இதைச் சொல்லி இரண்டு பேரைக் கிண்டலடித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

"நீங்களே ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே!"

"சொல்லுவேன்."

"அப்புறம் என்ன வந்துச்சு?"

"அவசரம் வந்துச்சு, உம் ராகான். கத்தாதே."

கத்தாமல் என்ன செய்வது? ராகான் பாதிக் கோட்டோடு ஓடி வந்தான். எட்டிப் பார்த்தான். "வாப்பா, ஆயில் இல்லாம ஓட்டினா?"

"ரெண்டு வளைவு ஏறுறதுக்குள்ள பல்லெல்லாம் அரைச்சு மாவாயிடும்."

"மெக்கானிக்?"

"வெள்ளிக்கிழமைடா. எவன் கடை திறந்திருக்கான்?"

மூடி மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினோம். சுத்தியலால் தட்டினோம். ராகான் உளி கொண்டுவந்தான். அது சறுக்கி அவன் விரலைப் பதம் பார்த்தது, வெள்ளைச் சட்டையில் ரத்தம். "சட்டையைக் கழட்டுடா, கழுதை!" என்று கத்தினேன். அப்போது என் மூக்கு நுனியில் ஏதோ ஜில்லென்று விழுந்தது. பனி.

வானத்தைப் பார்த்து, "யா அல்லாஹ், ஒரு மணி நேரம் பொறுக்கக் கூடாதா?" என்றேன். பொறுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார், தலை வண்டியில் 'ணங்'கென்று இடித்தது. "மூச்சு முளை!" என்றார்.

"என்ன முளை?"

"பெட்டி சூடானா காத்து வெளிய போக உச்சந்தலையில ஒரு சின்ன முளை இருக்கு. அதோட தொப்பியைக் கழட்டினா, மெல்லிசுக் குழாய் இருந்தா, அது வழியா ஊத்தலாம். இறங்கின அளவு ஏத்தணும், அவ்வளவுதான். குழாய்... எங்க போறது குழாய்க்கு?"

நான் சமையல்கட்டுக்குப் போனேன். பெரிய தகரத்திலிருந்து ஆலிவ் எண்ணெயை உறிஞ்சி இறக்க நான் வைத்திருக்கிற மெல்லிசு பிளாஸ்டிக் குழாய், என் உயிர். அதை யாரும் தொடக்கூடாது, தொட்டால் வீட்டில் பிரளயம். அதையும் புனலையும் கொண்டுவந்து அவர் நெஞ்சில் போட்டேன்.

"இது உன்..."

"பேசாம மாட்டுங்க."

மாட்டினார். ஆனால் அந்தக் குளிரில் புது ஆயில் தேன் மாதிரி உறைந்து, புனலில் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றது. ஆயில் பாட்டிலை வெந்நீர்ப் பானையில் நிற்க வைத்துச் சூடாக்கினேன். இளகியது. சொட்டுச் சொட்டாய் இறங்க ஆரம்பித்தது. டிக்கி ஓரமாய்க் குழாயை உயர்த்திப் புனலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், ராகான் ஊற்றினான், அவர் அடியில் குழாய் நழுவாமல் பிடித்துக்கொண்டார். என் தோள் செத்துப் போனது. முக்காட்டில் பனி படிந்தது. கையெல்லாம் ஆயில் வழிந்தது. ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொல்லி எத்தனையோ நேரம் ஆகிவிட்டது.

"உம் ராகான்." அடியிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார்.

"என்ன?"

"காலையிலேர்ந்து என்னால உக்கார முடியலை. கை கால் பரபரங்குது. வழியில வண்டி நின்னுட்டா அந்த மனுஷன் என் மகனையும் மூத்த மருமகனோட சேத்துடுவாரேன்னு ஒரே பயம். அதான் ஏதாவது பண்ணணும்னு அடியில வந்தேன். பண்ணி, நாசம் பண்ணிட்டேன்."

முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் 'பயம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "குழாயை ஆட்டாதீங்க" என்றேன்.

சட்டியில் இருந்த அளவு உள்ளே போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஹாரன் சத்தம். ஜாஹா கூட்டம் வந்துவிட்டது, எட்டுப் பத்து கார்கள். முன்னால் நின்று பெண் கேட்க வேண்டியவர் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் அபூ ஃபாயிஸ். பட்டு அங்கி, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி, ஊரே மதிக்கிற மீசை. எங்கள் காரில் ஏறினார், உடனே இறங்கினார்.

"உள்ள என்ன செத்துக் கிடக்கு?"

"கியர் ஆயில், அண்ணே."

"கல்யாணத்துக்குப் போறோமா, கராஜுக்குப் போறோமா?"

என் வீட்டுக்காரர் சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தும் நகக்கண் கருப்பு போகவில்லை. நான் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். ஜாஹாவில் பெண்பிள்ளைகள் போவது கிடையாது. சரி என்று சேதி வந்தபிறகுதான் எங்களுக்கு வேலை. அபூ ஃபாயிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எங்கம்மா வர்றே?"

"பெட்டி முனகினா எனக்குத்தான் கேக்கும். நீங்க வேணும்னா கேளுங்க, நான் இறங்கிக்கிறேன்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

பாதி மலையில் போலீஸ் தடுப்பு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி மட்டும்தான் மேலே போகலாம், மற்றதெல்லாம் திரும்பு என்றார்கள். அபூ ஃபாயிஸ் இறங்கிக் கெஞ்சினார், மீசையைக் காட்டினார், ஒன்றும் பலிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த அத்தனை கார்களும் ஒன்றொன்றாய்த் திரும்பிப் போயின. ஜாஹா என்றாலே ஆள் கூட்டம்தான் மரியாதை. இப்போது மூன்று ஆண்கள், ஒரு பெண்பிள்ளை, ஒரு நாற்றம்.

"திரும்பிடலாமா?" என்றார் அபூ ஃபாயிஸ்.

"வர முடியலேன்னா அதுவும் பதில்தான்னு சொன்னாரே" என்றான் ராகான்.

என் வீட்டுக்காரர் கியரைப் போட்டார்.

அந்த ஏற்றத்தை நான் மறக்கமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும், இதோ முனகப்போகிறது, இதோ அரைபடப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சத்தம் வருதா?" என்பார். "இல்லை." அடுத்த வளைவு. "இப்ப?" "இல்லைங்க, ரோட்டைப் பாருங்க!" வண்டி முனகவே இல்லை. ஹாஜி வீட்டு வாசலில் நின்றபோதுதான் மூச்சு விட்டேன்.

என்னைப் பெண்கள் அறைக்குக் கூட்டிப் போனாள் விதாத். மெலிந்த பெண், சிரிக்கிறபோதும் கண் சிரிக்காது. ஆண்கள் அறைக்கும் இதற்கும் நடுவில் ஒரு கதவு, ஒரு திரை. இரண்டு பேரும் திரையை ஒட்டி உட்கார்ந்துகொண்டோம். ஜுமானா மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

காபி ஊற்றுகிற சத்தம் கேட்டது. அபூ ஃபாயிஸ் கோப்பையைத் தரையில் வைத்தார். கேட்டது கிடைக்காமல் தொடமாட்டார், அதுதான் முறை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அல்லாஹ் பெயர் சொல்லி, ராகானுக்கு ஜுமானாவைக் கேட்டார். நன்றாகத்தான் கேட்டார்.

"ஜாஹான்னு சொன்னீங்க. மூணு பேர்தான் வந்திருக்கீங்க" என்றார் ஹாஜி.

"மத்தவங்களை போலீஸ் திருப்பிட்டாங்க, ஹாஜி."

"அதென்ன நாத்தம்?"

"வழியில ஏதோ..." என்று அபூ ஃபாயிஸ் இழுத்தார்.

"வழியில இல்லை, ஹாஜி." என் வீட்டுக்காரர் குரல். அடப்பாவி, பேசாமல் இருக்கக்கூடாதா என்று முக்காட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கீழ் மூடியை முதலில் திறந்தது, மேல் மூடி வழுக்கினது, ஆலிவ் எண்ணெய்க் குழாய், எல்லாம். ஹாஜியின் சொந்தக்கார ஆண்கள் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது.

ஹாஜி சிரிக்கவில்லை. "அந்தக் குழாயும் இல்லேன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"தெரியலை, ஹாஜி. வேற வழி தோணுற வரைக்கும் அடியிலயே கிடந்திருப்பேன்."

காபி ஆறிக்கொண்டிருந்தது. பிறகு ஹாஜி சொன்னார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி: "அவன் பானெட்டைக்கூடத் திறந்து பாக்கலை."

யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்தில் விதாத் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிங்க, அபூ ஃபாயிஸ்," என்றார் ஹாஜி. "காபியைக் குடிங்க."

ஜுமானா முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் குலவை போட எழுந்தேன், அதற்குத்தானே பெற்ற தாய். விதாத் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கருத்துப் போயிருந்த என் விரல்களை அவள் மூக்கருகே கொண்டுபோனாள். குமட்டும், விடம்மா என்றேன். விடவில்லை.

"அன்னைக்கு அவன் கையில இந்த நாத்தம் மட்டும் அடிச்சிருந்தா," என்றாள், "உம்மா முகத்தைப் பாக்காமப் போனாலும் நான் அவன்கூடவே இருந்திருப்பேன், மாமி."

எனக்குக் குலவை வரவே இல்லை. ஆண்கள் அறையில் எல்லோரும் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விதாத்தான் போட்டாள்.