முன்சக்கரத்துக்குப் பதினெட்டு

பந்தயம் தொடங்கும் கயிற்றருகே தங்கையின் மலைச்சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. காலையில் அவளே காற்று அளந்து வைத்த டயர், இப்போது கல்லாக இருந்தது.

"யாரு இதுல கை வச்சது?"

அப்பா பம்ப்பைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். காலமெல்லாம் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டிக் காற்றடித்தவர். அமுங்குகிற டயர் கடையை விட்டு வெளியே போனால் அவருக்கு மானம் போன மாதிரி.

"சப்பையா கிடந்துச்சும்மா. நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க? நாற்பது பவுண்டு காத்து வச்சேன்."

"முன்னாடி பதினெட்டு, பின்னாடி இருபத்தொண்ணு. இதே சரிவுல ஓட்டி ஓட்டிப் பார்த்து வச்சதுப்பா."

பதினாறில் ரிம் பாறையில் இடித்தது. இருபத்தைந்தில் ஈர வேர்மேல் சக்கரம் துள்ளி வழுக்கியது. பதினெட்டில்தான் அந்த அகல டயர் மண்ணைக் கவ்வியது. இன்று முதல் மூன்று பேருக்குள் வந்தால்தான் தங்கைக்கு அணியில் இடம்.

வீட்டில் முதல் பட்டதாரி மூத்தவளான அவள். அந்தச் சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்டி, வருகிற டிரைவருக்கெல்லாம் காட்டுவார் அப்பா. அதன் கீழே கிடக்கும் டயரை மட்டும் தொடவிட மாட்டார். படித்த பெண்ணுக்கு எதற்கு அழுக்காம்.

உட்கார்ந்து வால்வை அழுத்தினாள். காற்று சீறியது.

"இது லாரி இல்லப்பா. இவ வெறும் ஐம்பது கிலோ."

"விழுந்து தொலைச்சான்னா?"

"சுவத்துல மாட்டினதைக் கழட்டிக் கடாசிடுங்க."

"சண்டை முடிஞ்சா சொல்லுங்க," என்றாள் தங்கை. "இல்லேன்னா நடந்தே போயிடறேன்."

வேர்ச்சரிவில்தான் பந்தயம் முடிவானது. முன்னால் வந்த இருவர் துள்ளி விழுந்தார்கள். தங்கையின் டயர் வேர்மேல் அமுங்கி, நிமிர்ந்து, பிடியை விடாமல் இறங்கியது. இரண்டாம் இடம்.

விழுந்தவர்களில் ஒருத்தியின் அப்பா வந்து கேட்டார். "உங்க மெக்கானிக் யாருங்க?"

"என் மூத்த பொண்ணு. முன்னாடி பதினெட்டு, பின்னாடி இருபத்தொண்ணு." அப்பாவின் குரல் மைதானத்துக்கே கேட்டது.

அந்த ஆள் நகர்ந்ததும் மூத்தவள் பல்லைக் கடித்தாள். "ஊருக்கெல்லாம் சொல்லுங்க."

"சொன்னா என்ன? அவர் பொண்ணு எழுபது கிலோ இருப்பா. அதுக்குக் கணக்கு வேற இல்லையா?"

கோபத்தை முகத்தில் இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். அது நிற்கவில்லை, சிரிப்பு முந்திக்கொண்டது.