கேட்பதற்கு ஒரு லைசென்ஸ்

1

இந்தக் கதை பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி வந்தது. கொடியில் துணி எடுக்கப் போனவள், பேச்சு சுவாரசியமாக இருந்ததால் காய்ந்த துணியையே மறுபடி உதறிக்கொண்டு நின்றேன். பேசியது மாமியாரும் மருமகளும்.

"லைசென்ஸ் இருந்தாலாச்சும் கேக்கலாம். ஒண்ணும் இல்லாம ஊரான் வூட்டு சாவெல்லாம் எதுக்கு அத்த உங்களுக்கு?" இது மருமகள் ஜெனிபர் அக்கா.

"அப்ப லைசென்ஸ வாங்கிட்டே வந்து கேக்கறன்டி." இது கிரேசி பெரியம்மா.

காதில் விழுந்தது இவ்வளவுதான். மற்றதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விசாரிக்கக் கூச்சமாக இருந்ததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

தொடக்க வரி அமையவில்லை.

"பழைய உரிமம் ஒன்று பீரோவுக்குள் பல வருடங்களாக" – எனக்கே கொட்டாவி வந்தது. அந்த பீரோவை நான் பார்த்ததும் இல்லை.

"கிரேசி ஒரு காலத்தில் விருத்தாசலத்தையே" – இல்லை. எங்கள் பக்கத்துத் தெருக்களில் இன்சூரன்ஸ் போட்டுக்கொடுத்தார். பெரியப்பா படுக்கையில் விழுந்த பிறகு புதுப்பிக்க முடியாமல் ஏஜெண்ட் லைசென்ஸ் போய்விட்டது. பெரியப்பாவும் போய்விட்டார்.

"திட்டக்குடியில் பெண் பார்க்கப் போன வீட்டில்" – இதை வைத்துக்கொள்கிறேன்.

3

பெண் பார்த்தது இளைய மகன் ஜூடுக்கு. ஜூடு பீங்கான் பொம்மைப் பட்டறையில் களிமண் கூழை அச்சில் ஊற்றுகிறார். எவ்வளவு கழுவினாலும் நகத்தோரம் வெள்ளையாகவே இருக்கும். அவர் ஊற்றிய மாதா சொரூபம் ஒன்றை அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்கள். பெண் பெயர் ஆன் மேரி. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கேசரி வந்தது.

அப்போது பெரியம்மா பெண்ணின் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க அப்பா இருக்காருங்களா?"

"இல்லீங்க, போயிட்டாரு."

"எந்த வயசுல? எதுல போனாரு? கூடப் பொறந்தவங்க எல்லாம் இருக்காங்களா? யாருக்காச்சும் சக்கர, நெஞ்சுவலி?"

(இன்சூரன்ஸ் ஃபாரத்தில் குடும்பத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டாம். பெரியம்மா அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார். புது வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் அந்த வரிசையிலேயே வாயில் வந்துவிடுகிறது.)

பெண்ணின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து தகவல் மட்டும் வந்தது: பெண்ணுக்கு நோய் இருக்கிறதா என்று நோண்டுகிற சம்பந்தம் வேண்டாம்.

ஜூடு அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோற்றைக் கூட ஜெனிபர் அக்காவிடம்தான் கேட்கிறார்.

4

முதல் பிரதியில் ஜெனிபர் அக்காவைக் கெட்டவளாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். லைசென்ஸுக்கு ஃபோனில் விண்ணப்பம் போட்டதே அவர்தான். "ஃபோட்டோவுக்குச் சிரிக்காதீங்க அத்த, ஏமாத்தறவங்க மாதிரி இருக்கீங்க" என்று சொல்லி மறுபடி மறுபடி எடுத்தார்.

லைசென்ஸ் போய் ரொம்ப நாளானதால் பழைய அனுபவம் கணக்கில் வராதாம். புது ஆள் மாதிரி பயிற்சி, பிறகு கம்ப்யூட்டரில் தேர்வு. பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். பெரியம்மா பாஸ். நான் பத்தாவது போகவில்லை; தேர்வு எழுத முடியாத எனக்குக் கேள்வி வாசிக்கிற வேலை.

"குடும்ப வரலாற்றை முகவர் கேட்பது எதற்காக?" என்று வாசித்தேன்.

"கேக்கலன்னா யாரு சொல்லுவாங்க? மனசுலயே வச்சிட்டிருப்பாங்க."

"அப்படி ஒரு விடை இல்ல பெரிம்மா. ஆபத்தை மதிப்பிட, அதுதான் இருக்குது."

"சரி, அதையே போட்டுக்க. ஆனா எம்புட்டுப் பேரு அழுதிருக்காங்க தெரியுமா எங்கிட்ட? அவங்க அப்பாவ எதுல போனாருன்னு ஒரு பய கேட்டிருக்க மாட்டான். நான் ஃபாரத்த வச்சிக்கிட்டு கேட்டேன், சொன்னாங்க. இப்ப கேட்டா வம்பு பேச வந்தவங்கறாங்க."

இந்த இடத்தில் எனக்கு அவர் மீது சந்தேகம் வந்தது. திட்டக்குடியில் வாய் தவறித்தான் கேட்டாரா? அல்லது அந்த அம்மா எதையோ மனதில் வைத்திருப்பதை முகத்தில் பார்த்து, தெரிந்தே –

தெரியவில்லை. இரண்டுமே இருக்கலாம்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

பாஸ். ஃபாரத்தோடு திட்டக்குடி போகிறார். பெண்ணின் அம்மா கதவைத் திறக்கிறார். (அதற்கு மேல் அந்த அம்மா என் பேச்சைக் கேட்கவில்லை. வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்.)

ஃபெயில். மறுபடி எழுதலாம் என்கிறார்கள். அப்படியானால் அது முடிவில்லை, இன்னொரு தேதி.

ஜூடு அம்மாவோடு பேசுகிறார். (ஆசை. கதை இல்லை.)

6

தேர்வு கடலூரில். துணைக்கு நான் போனேன். பஸ்ஸில் நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்னாடி அது?"

"ஒண்ணுமில்ல பெரிம்மா."

"எம்பேரு இருக்குது?"

எழுதியதைக் கையால் மறைத்தேன். அவர் சிரித்தார். "என்னாதான் முடிவு?"

"தெரியலீங்க. பாஸுன்னு போட்டுடட்டுமா?"

"அடிப்பாவி. பாலிசிக்காரங்க போட வேண்டிய கையெழுத்த ஏஜெண்டு போடறதா? அது தப்பு. அதுக்கும் ஒரு கேள்வி இருந்துச்சே, நீதான வாசிச்ச?"

தேர்வு மாடியில். பையையும் ஃபோனையும் என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முடித்த கையோடு திரையிலேயே முடிவு தெரிந்துவிடும் என்று காவலாளி சொன்னார்.

இறங்கி வந்தார். முகத்தைப் பார்த்தேன். கையெழுத்து விழும்வரை எதையும் காட்டாமல் எத்தனை வீட்டில் உட்கார்ந்திருந்த முகம் அது! ஒன்றும் பிடிபடவில்லை. "பசிக்குதாடி?" என்றார். வடை வாங்கித் தின்றோம். நான் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். விருத்தாசலம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"திட்டக்குடி ரெண்டு" என்றார் பெரியம்மா.

இதை எழுதும்போது பஸ் விருத்தாசலம் நிலையத்தில் நிற்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் இறங்குகிறார்கள். பெரியம்மா இறங்கவில்லை, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்கிறார். லைசென்ஸ் கிடைத்துத்தான் போகிறாரா, கிடைக்காமலே போகிறாரா, எனக்குத் தெரியாது. எங்கள் இருக்கையில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. நீங்கள் ஏறி உட்கார்ந்து அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்குச் சொல்ல வேண்டாம். நான் ஆன் மேரி வீட்டு வாசல் வரை அவரோடு போகிறேன்.