எட்டு எண்ணும் வரை

பூமயிலின் புது பேண்ட் பாட்டு வெளிவந்த அன்று, அதைக் கேட்கவே கூடாது என்று முடிவெடுத்தேன். பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. தேவிபட்டினத்தில் அவளுக்கு முதல் ரசிகை நான். என் அண்ணன் யோகேஸ்வரனும் அவளும் ‘நண்டு வளை’ என்று பேர் வைத்துப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கைதட்ட இருந்த ஒரே ஆளும் நான்தான்.

அண்ணன் வாரம் முழுக்கக் கடலுக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமை கிடாரை எடுப்பான். இரண்டு வருஷத்துக்கு முன், எங்கள் அய்யாவுக்குக் காய்ச்சல் என்று வள்ளத்தைத் தனியாகக் கொண்டுபோனான். மத்தியானம் காற்று திரும்பிவிட்டது. நான் வீட்டு வாக்கி டாக்கியை எடுத்து, “அண்ணே, எங்க இருக்க? அய்யா ஏசுறாக. மயிலக்கா பிராக்டிசுக்கு வந்து உக்காந்திருக்கு, வெரசா வா” என்று மூச்சுவிடாமல் கத்திக்கொண்டே இருந்தேன்.

அதில் பட்டனை அமுக்கியிருக்கும் வரை நாம் பேசலாம், எதிராளி பேசுவது நமக்குக் கேட்காது. கடற்கரையில் நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பயத்தில் நான் பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுக்க மறந்துபோனேன். எடுத்தபோது அவன் பேச்சின் வாலாக என் பேர் மட்டும் வந்தது. “...மகேசு.” பிறகு வெறும் இரைச்சல். அதற்கு முன்னால் என்ன சொன்னான் என்று தெரியாமலேயே இரண்டு வருஷமாகச் சோறு தின்கிறேன். உடல் கிடைக்கவில்லை என்பதால் படத்துக்கு மாலை போட அம்மா விடவில்லை.

பூமயில் மூன்றாம் மாதமே சென்னைக்குப் போனாள். இப்போது ‘எதிர்க்காத்து’ என்று ஒரு பேண்ட். டிரம்ஸுக்கு ஒருத்தன், கீபோர்டுக்கு ஒருத்தி. அண்ணன் இடத்துக்கு அதற்குள் ஆள் பிடித்துவிட்டாளே என்று எனக்கு வயிற்றெரிச்சல். அவள் போட்ட போன் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் பிடித்துத் தொலைத்ததே, அதை என்ன செய்வது?

புதுப் பாட்டு என்கிறார்கள். எங்கள் மாடியில் கட்டிய பழைய பாட்டுதான் அது. “கரை தெரியுதா?” என்று அவள் கேட்பாள். “கண்ண மூடுனாலும் தெரியுது” என்று அண்ணன் பதில் பாடுவான். இப்போது கேள்வி மட்டும் இருந்தது. பதில் வர வேண்டிய இடத்தில் நாலு எண்ணும் வரை ஒன்றுமே இல்லை, டிரம்ஸ்கூட இல்லை. என்ன ஸ்டைல், என்ன ஸ்டைல் என்று யாரோ கமெண்டில் உருகியிருந்தார்கள். ஸ்டைலாம் ஸ்டைல். அது என் அண்ணன் நிற்கும் இடம்.

ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்கள் பாட வந்தபோது, திட்டுவதற்காகத்தான் போனேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பூமயில் இளைத்திருந்தாள். அந்தப் பாட்டை ஆரம்பித்ததும் என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு அவள் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து நின்றாள். நான் மனசுக்குள் நாலு எண்ணினேன்.

கடைசிக் கேள்வி. “கரை தெரியுதா?” ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவள் பாடவில்லை. ஐந்து. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பாட்டு மறந்துவிட்டது, அண்ணனை நினைத்துத் தொண்டை அடைத்துவிட்டது, எல்லார் முன்னாலும் கேவலப்படப்போகிறாள் என்று பதறிவிட்டேன். எழுந்து நின்று அண்ணன் வரியைப் பாடினேன். “கண்ண மூடுனாலும் தெரியுது.” பக்கத்திலிருந்தவர்களும் அதையே திருப்பிப் பாடினார்கள். மண்டபமே கைதட்டியது. பூமயில் மட்டும் சட்டென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

“ஏன் மகேசு பாடுன?”

“நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்க்கா.”

“அந்த நாலு எண்ணிக்கையில யோகேசு பேசுறான். மேடையில மட்டுந்தான் கேக்கும். ‘மகேசுகிட்ட சொல்லு’ன்னு ஆரம்பிப்பான், அதுக்குள்ள நாலு முடிஞ்சுரும். உனக்கு எத்தன தடவ போன் போட்டேன். இது அவன் ஊருப் பக்கம், இங்கன முழுசாச் சொல்லிருவான்னுதான் எட்டா நீட்டி வச்சேன்.”

“சொன்னானா?”

“சொல்ல வந்தான். நீ பாடிட்ட.”

பைத்தியமா உனக்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. என் கட்டைவிரல்தான் தன்னால் மடங்கியது.

“இன்னொரு தடவ பாடுக்கா,” என்று கெஞ்சினேன்.

ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் மேடையேறிப் பாடினாள். “கரை தெரியுதா?” நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். எட்டு வரைக்கும் எண்ணினேன். அதைத் தாண்டியும் எண்ணினேன். மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும் வந்தது. பூமயில் என்னைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள்.

தேவிபட்டினம் பஸ்ஸில் கண்டக்டர் எந்த ஊர் என்று இரண்டு தடவை கேட்டார். வாயிலிருந்து கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.