முதுகுக்குப் பின்னால் எரிந்த வானம்

எஸ்கிலும் அவன் மனைவி யூருனும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது வானத்தை மேகம் மூடியிருந்தது. தெற்கே டிராமன் நகரத்திலிருந்து விமானம் பிடித்து, அப்புறம் பேருந்தில் பாதி நாள் உட்கார்ந்து வந்தவர்கள். குளிர்கால வானத்தில் நிறம் நிறமாக ஆடும் வடக்கு வெளிச்சத்தை இருவருமே அதுவரை பார்த்ததில்லை. விருந்தாளிகளைப் பனி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் உறைந்த ஏரியில் இறக்கி, வெளிச்சம் வந்ததும் பார்க்கவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது என் வேலை. என் தம்பி ஹெய்க்கா பனிமான் வளர்க்கிறவன். மந்தை பக்கத்தில் நிற்கும் நாட்களில் ஏரிக்கரைக் கூடாரத்தில் அடுப்பு மூட்டிக் கறிச்சாறு காய்ச்சித் தருவான்.

எஸ்கில் முதலில் நல்லவனாகத்தான் தெரிந்தான். மான்கறியைப் புகழ்ந்து புகழ்ந்து சாப்பிட்டான். சமையலறை அலமாரிகள் விற்கும் கடையில் மேலாளர். கைப்பேசியில் தான் எடுத்த படங்களைக் காட்டினான். அருவி, பனிப்பாறை, கலங்கரை விளக்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் யூருன் நின்றாள், எல்லாவற்றிலும் ஒரே சிரிப்போடு.

"வெறும் இயற்கைய யார் வேணா எடுக்கலாம்," என்றான். "அதுல ஒரு மனுஷி நிக்கணும். அப்பத்தான் அது படம்."

யூருன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்திரம் கழுவும்போது ஹெய்க்கா என் காதருகே வந்தான். "அக்கா, அந்தப் பொம்பள இன்னொரு வாய் காபி குடிக்கணும்னாக்கூட அவன் மூஞ்சியப் பாக்குது."

"நீ தட்டத் துடை," என்றேன். எத்தனையோ தம்பதிகள் வந்து போகிறார்கள். ஒவ்வொருவர் குடும்பத்துக்குள்ளும் மூக்கை நுழைத்தால் நான் தொழில் நடத்த முடியாது.

மறுநாளும் மேகம் விலகவில்லை. எஸ்கிலின் நல்ல பேச்சு குறைந்தது. மூன்றாம் நாள் காபி நேரத்துக்குப் பிறகு காற்று திரும்பி வானம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. டிசம்பரில் எங்கள் பக்கம் சூரியன் எழுவதே இல்லை. இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இருவரையும் சறுக்குவண்டியில் உட்கார வைத்துத் தோல் போர்த்தி, ஸ்கூட்டரில் பூட்டி இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். ஹெய்க்கா முன்னமே போய்க் கரைக் கூடாரத்தில் அடுப்பு மூட்டியிருந்தான். குளிர் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரிக்கும் கீழே. மூச்சு விட்டால் இமை ஒட்டிக்கொள்ளும்.

முதலில் ஒரு வெளிறிய பட்டைதான் மலைக்கு மேலே தெரிந்தது. எஸ்கில் அவசரமாக முக்காலியை நிறுத்தி அதன்மேல் கேமராவைத் திருகினான்.

"கோட்டக் கழட்டு," என்றான்.

யூருன் கழற்றினாள். உள்ளே சிவப்புப் பட்டில் மெல்லிய கவுன். தோள் முழுக்க வெறுமை. பனிபூட்ஸ் மட்டும் காலில் கிடந்தது.

"இந்தக் குளிர்ல இதா?" என்றேன்.

"இருபது விநாடி நின்னா போதும், ராவ்னா. கேமராக் கண்ணு அவ்வளவு நேரம் திறந்திருக்கும். அதுக்குள்ள அசையாம இருக்கணும், அவ்ளோதான். அவளுக்குப் பழக்கம்."

அவள் ஏரியின் நடுப்பக்கமாக நடந்துபோய்க் கேமராவைப் பார்த்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால்தான் வெளிச்சம். ஒரு படம் எடுத்தான். குளிரில் நடுங்கியதால் உருவம் கலங்கியிருந்தது. இன்னொன்று. அதிலும் அப்படித்தான். நான் கோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அவள் உதடு நீலமாகிவிட்டிருந்தது. எஸ்கில் கையை உயர்த்தி என்னைத் தடுத்தான்.

"காது கருகிடும்," என்றேன். "விரல் போயிடும். எங்க ஆளுங்களுக்குப் போயிருக்கு."

"வண்டி ஓட்டத்தான் உன்னக் கூப்பிட்டேன். வண்டிகிட்ட நில்லு."

மூன்று நாளாக 'நீங்க' என்று கூப்பிட்டவன்.

அப்போது வானம் உடைந்தது. சொல்ல வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. மலைக்கு மேலிருந்த பட்டை சாட்டையைப் போல ஒரு சொடுக்கில் தலைக்கு மேல் வந்து விழுந்தது. பச்சை, அதன் ஓரத்தில் இரத்தச் சிவப்பு, நடுவே ஊதா. ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து கிழித்துக்கொண்டன. ஏரியின் பனி பச்சையாகி, சிவந்து, மறுபடி பச்சையானது. பிறந்ததிலிருந்து பார்க்கும் நானே கையிலிருந்த கோட்டை மறந்து அண்ணாந்தேன். தன் நிழல் காலடியில் ஓடுவதை யூருன் பார்த்தாள்.

"எஸ்கில், ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்துக்கறேன்," என்றாள்.

"படத்துல பாத்துக்கலாம். அசையாத."

அவள் அசையாமல்தான் நின்றாள். ஆனால் தலை தானாகத் திரும்பியது. எஸ்கில் நாயைக் கூப்பிடுவதுபோல் விசிலடித்தான். இந்த வெளிச்சத்தின் கீழே எங்களில் ஒரு குழந்தைகூட விசிலடிக்காது; அடித்தால் அது இறங்கி வந்து ஆளைத் தூக்கிப் போய்விடும் என்பார்கள். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் ஓடவில்லை, கத்தவும் இல்லை. நிதானமாக நடந்துபோய், முஷ்டியை மடக்கி அவள் காதில் குத்தினான். அவள் முழங்காலில் விழுந்தாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். தாடையைப் பிடித்து முகத்தைக் கேமரா பக்கம் திருப்பினான். பிறகு, அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை, கவுனில் ஒட்டியிருந்த பனியைக் குனிந்து கவனமாகத் தட்டிவிட்டான். "இப்ப சிரி, செல்லம்," என்றான்.

நான் ஓடிப்போய் அவள்மேல் கோட்டைப் போட்டேன். அவன் பிடுங்கி எறிந்தான். அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். முழங்கையால் என் வாயில் ஒரு இடி இடித்தான். பல் உடைந்து நாக்கில் உருண்டது. மல்லாந்து விழுந்தேன். அடுத்த கணம் அவன் முழங்கால் என் நெஞ்சில், இரண்டு கையும் என் கழுத்தில். என் இடுப்பில் கத்தி இருந்தது. தோல் கோட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கைக்கு எட்டவில்லை. அவன் முகத்துக்கு மேலே வானம் சுழன்றது. அதன் விளிம்பு கறுத்துக்கொண்டே வந்தது.

பக்கவாட்டிலிருந்து முக்காலி வந்து அவன் தலையில் இறங்கியது.

கேமராவோடு சேர்த்துத் தூக்கி அடித்திருந்தாள் யூருன். கேமரா முறிந்து பனிக்கட்டிமேல் சறுக்கிப் போனது. அவன் கை தளர்ந்தது. இரண்டாவது அடி முகத்தில். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. அவன் சரிந்து விழுந்து கையைத் தூக்கினான். அந்தக் கைமேலும் ஒன்று போட்டாள். அப்புறம் முக்காலியின் கூர்முனையைத் திருப்பிப் பிடித்துக் குத்த ஆரம்பித்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. விறகு பிளக்கிற முகம்.

கொல்லப் போகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். என் விலாவில் முழங்கையால் இடித்தாள். மணிக்கட்டைப் பல்லால் கவ்வினாள். இருவரும் உருண்டோம். அவள் உடம்பு பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. "நான்தான், ராவ்னா, ராவ்னா" என்று என் இரத்த வாயால் சொல்லிக்கொண்டே அவளை அழுத்திப் பிடித்திருந்தேன்.

ஹெய்க்கா கூடாரத்திலிருந்து ஓடி வந்தான், கையில் விறகுக் கோடாலி. எங்களைப் பார்த்தான், எஸ்கிலைப் பார்த்தான்.

"யார அடிக்கணும், அக்கா?"

"யாரையும் வேணாம். கோடாலியக் கீழ போடு. உன் கோட்டக் கழட்டி இவளுக்குக் குடு."

எஸ்கிலின் முகத்தில் ஒரு பக்கம் முகமாக இல்லை. கண் இருந்த இடத்தில் இரத்தம் வடிய வடிய உறைந்துகொண்டிருந்தது. என் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கட்டினேன். நெஞ்சுக்குள் எனக்கும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது: விட்டுவிட்டுப் போ, மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும். அதைக் கேட்டுக்கொண்டேதான் முடிச்சை இறுக்கினேன்.

யூருன் ஹெய்க்காவின் தோல் கோட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சம் இன்னும் ஓயவில்லை. தலைக்கு நேர்மேலே ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் வெடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இதுதானா?" என்றாள்.

"இதேதான்," என்றான் ஹெய்க்கா.

"நான் ஒரு படம் எடுத்துக்கட்டுமா? என் போன்ல கேமரா வேலை செய்யாது. அவர் சரிபண்ண விடல."

ஹெய்க்கா தன் கைப்பேசியைக் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். திரையைப் பார்த்தாள். "அசையுது," என்றாள்.

"என் தோள்மேல வெச்சு எடுங்க. நான் அசைய மாட்டேன்."

நான் கத்தினேன். "டேய், இங்க ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கான்."

"ஒரே நிமிஷம் அக்கா. அதுக்குள்ள போயிட மாட்டான்."

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கம்பம் போல நின்றான். என் காலடியில் எஸ்கில் முனகினான். அவள் எடுத்தாள். யூருன் தன் வாழ்நாளில் எடுத்த முதல் வடக்கு வெளிச்சம் அது. ஓரத்தில் ஹெய்க்காவின் தொப்பி நுனி விழுந்திருக்கும். மற்றபடி ஆளே இல்லாத வானம்.

எஸ்கிலைச் சறுக்குவண்டியில் கட்டி நகரத்துக்கு இழுத்துப் போனோம். மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். ஒரு கண் போயிற்று. யூருனுக்கு ஒரு காதில் கேட்பது குறைந்துவிட்டது, இடது கையில் இரண்டு விரல்நுனி போயிற்று.

இரண்டு பொம்பளைகள் சேர்ந்து தன்னைத் தாக்கியதாக எஸ்கில் நீதிமன்றத்தில் சொன்னான். என் கழுத்தில் அவன் விரல் பதிந்திருந்ததை மருத்துவர் படமெடுத்து வைத்திருந்தார். அரசு வக்கீல், என்னைவிடச் சின்னப் பெண், என்னிடம் கேட்டாள்:

"எத்தனை அடிக்கு அப்புறம் நீங்க அவங்களத் தடுத்தீங்க?"

"எண்ணல. தாமதமாத்தான் தடுத்தேன்."

"அவர் கை உங்க கழுத்த விட்டப்புறமும் அடி விழுந்ததா?"

"விழுந்தது."

"அப்ப ஏன் உடனே தடுக்கல?"

"மூச்சு வாங்கிக்கிட்டிருந்தேன்," என்றேன். அது உண்மை. முழு உண்மையா என்று அவள் கேட்கவில்லை.

எஸ்கிலுக்குச் சிறை. யூருனுக்கும் தண்டனை உண்டு, ஆனால் உள்ளே போகத் தேவையில்லாத தண்டனை. அவள் தெற்கே திரும்பவில்லை. வடக்கிலேயே, ஆல்டா என்ற ஊரில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். எப்போதாவது வருவாள்; ஹெய்க்கா அவளுக்குக் காது கேட்கும் பக்கமாகப் பார்த்து உட்காருவான்.

அதற்கு அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில், மந்தையைப் பட்டியில் அடைத்து இறைச்சிக்கு வெட்டிக்கொண்டிருந்தோம். எஸ்கில் வந்தான். விடுதலையாகி வந்திருந்தான் போலிருக்கிறது. கன்னத்தில் தையல் தழும்பு, ஒரு கண்ணில் கண்ணாடி விழி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டான்.

"அவ எங்க இருக்கா?"

என் கை கத்தியில் இறுகியது. ஹெய்க்கா தலை நிமிரவில்லை. ஒரு கிடா மானை மல்லாத்தி முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தான். முழங்கை வரை இரத்தம்.

"அவளோட பேசணும். பேசத்தான் வந்தேன்," என்றான் எஸ்கில்.

"பேசலாம்," என்றான் ஹெய்க்கா. "இங்க ஆள் குறையுது. சும்மா நிக்கறதுன்னா உள்ள வந்து இந்தக் காலப் பிடி. நான் அறுக்கறேன். முடிஞ்சதும் பேசலாம்."

சொல்லிவிட்டு மானின் நெஞ்சில் கத்தியைச் செருகினான். மான் ஒரு உதறு உதறி அடங்கியது. ஆவி பறக்க இரத்தம் பனியில் பரவி வேலிக்கு அடியில் ஓடி எஸ்கிலின் ஷூவைத் தொட்டது. அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அப்போதுதான் ஹெய்க்கா நிமிர்ந்து பார்த்தான்.

"வர்றியா?"

அவன் வரவில்லை. காரைப் பார்த்து நடந்தான். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் பெரிய சாலையில் ஏறித் தெற்குப் பக்கம் திரும்பியது. மரங்கள் மறைக்கிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா," என்றான் ஹெய்க்கா, "அங்க என்ன பாக்கற? கொம்பப் பிடி. உடம்பு ஆறிப்போனா தோல் உரியாது."