வெடிக்காத குழி

1991 ஜூன், முதல் ஞாயிற்றுக்கிழமை. இடம், பென்னலூரில் பரசுராமனின் சைக்கிள் கடை. வந்திருந்தவர்கள் நால்வர். கல்லாவை ஒட்டிய ஸ்டூலில் பரசுராமன். கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டியின் மேல் நான், இராமச்சந்திரன், ஸ்பிரிங் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். இருந்த ஒரே நாற்காலியில் நர்ஸ் ரோஸி. தெருவைப் பார்த்த ஜன்னலோர பெஞ்சில் எங்கள் கம்பெனி ஃபிட்டர் கிறிஸ்துதாஸ். அவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். வெளிச்சம் வேண்டுமென்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது.

வருடத்துக்கு ஒருமுறை இப்படிக் கூடுவோம். அந்த வருடம் படித்ததில் மிகவும் பிடித்த புத்தகத்தைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கதைப் புத்தகம் கூடாது.

பரசுராமன் யானைகளைப் பற்றிச் சொன்னார். "நாள் பூரா துன்னுகினே இருக்குதாம் சார். நம்ம ஊர் பிரசிடெண்டு மாதிரி." ரோஸி மனித எலும்புகளைப் பற்றி. நான் உப்பின் வரலாறு.

கிறிஸ்துதாஸ் எடுத்தது அட்டை போன ஒரு பழைய புத்தகம். பாறையில் வெடி வைத்துக் கிணறு வெட்டும் முறை பற்றியது. "எனக்க அப்பனுக்கு மூணு விரலு கிணத்துக்குள்ளதான் போச்சு, கேட்டியளா. அண்ணைக்கு இந்தப் பொஸ்தகம் கையில இருந்திருந்தா போயிருக்காது" என்றவர், உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மெஷின் சத்தத்தில் பேசிப் பழகிய குரல். மருந்து திணிக்கும் குழி, திரி, கொளுத்தியவன் ஓடி ஒளியும் இடம்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கு மண்வெட்டி போதும். கிணற்றுக்கு வெடி என்பதை இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இலங்கைப் பேச்சுபோல் எது காதில் விழுந்தாலும் ஊர் சந்தேகப்பட்ட நேரம்.

ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. லாரி டிரைவர் கோபால்.

"யார்ரா இவன்? இன்னா பாஷை பேசறான்?"

அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் எழுந்து வாசலை மறித்தேன். "மார்த்தாண்டத்துக்காரர்ப்பா. நம்ம கம்பெனி ஆளு."

"மார்த்தாண்டம் எங்க கீது? கடலுக்கு அந்தாண்டையா?"

"இந்தாண்டைதான்" என்று சொல்வதற்குள் என்னைச் சுவரில் மோதித் தள்ளிவிட்டு உள்ளே புகுந்தார்கள். கிறிஸ்துதாஸைச் சட்டையோடு பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்கள். கோபால் எதிர்வீட்டைக் காட்டினான். "அது இன்னாடா? சொல்லு."

"வீடு."

"பாத்தியா! நம்மாளுன்னா வூடும்பான்!"

முதல் அடி சைக்கிள் பம்ப்பால் விழுந்தது. தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. "வூடுன்னு சொல்றா!" என்று மறுபடி அடித்தான். அவர் சொல்லத்தான் பார்த்தார். வாயிலிருந்து ரத்தமும் இரண்டு பற்களும் வந்தன, சொல் வரவில்லை. ஒருவன் செருப்புக்காலால் அவர் விரல்களை மிதித்துத் திருகினான். இன்னொருவன் புத்தகத்தைக் கிழித்து அவர் வாயில் திணித்தான். பரசுராமன் ஆணியிலிருந்து செயினை உருவிச் சுழற்றினார். கோபாலின் மணிக்கட்டு முறிந்தது. அவன் அலறியபடி இடது கையால் கல்லைத் தூக்கினான்.

ரோஸி கிறிஸ்துதாஸின் மேல் குப்புற விழுந்தாள்.

"போடு, கோபாலு. உன் புள்ளைக்கு தொப்புள்கொடி அறுத்தவ நான். என் தலையில போட்டுட்டு அப்புறம் அவரைக் கொல்லு."

கல் கீழே விழுந்தது. கூட்டம் கலைந்தது. ரோஸி அவர் வாயிலிருந்த காகிதத்தை விரல்விட்டு எடுத்து, தாடையைத் துண்டால் கட்டினாள்.

ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலிருந்து கிறிஸ்துதாஸின் கடிதம் வந்தது. தாடையைக் கம்பி வைத்துக் கட்டியதால் இன்னும் சரியாகப் பேச வரவில்லை என்று எழுதியிருந்தார். "அன்று புத்தகத்தை முடிக்கவில்லை. கடைசிப் பாடம் இது: திரி கொளுத்தியும் வெடிக்காத குழியைக் கிளறாதே. தள்ளி வேறு குழி போடு. என் அப்பா கிளறினார். கம்பெனியில் எனக்கு வேலை வைத்திருக்கிறார்களாம். நான் திரும்பி வரலாமா? நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன்."

கடையில் இருவருக்கும் படித்துக் காட்டினேன்.

"வரச் சொல்லு சார். நான் கீறேன், செயின் கீது" என்றார் பரசுராமன்.

"ஒரு தடவை கட்டியாச்சு. இன்னொரு தடவை என்னைக் கட்டச் சொல்லாதீங்க" என்றாள் ரோஸி.

பதில் எழுதுமுன் கோபாலைப் பார்த்துவிடுவது என்று போனேன். கையில் மாவுக்கட்டோடு லாரி நிழலில் உட்கார்ந்திருந்தான். மரியாதையாக எழுந்து நின்றான்.

"தப்பு நடந்துபோச்சு சார். அப்புறம் விசாரிச்சோம், ஆளு மாறிப்போச்சு. அந்த அண்ணன வரச் சொல்லுங்க, கால்ல வேணாலும் வுழறேன்."

எனக்கு மனம் லேசானது. திரும்பி இரண்டடி வைத்திருப்பேன்.

"ஆனா சார், சரியான ஆளு மட்டும் கையில சிக்கட்டும். அன்னிக்கி மாதிரி பாதில வுட மாட்டோம்."

அன்று சாயங்காலம் எழுதினேன்:

'கிறிஸ்துதாஸ் அவர்களுக்கு, கோபாலைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டான். நீங்கள் வர வேண்டாம். புத்தகத்தின் கடைசிப் பாடம் சரியானதுதான். ஓசூரில் என் மச்சினன் ஒரு கம்பெனியில் இருக்கிறான், உங்களுக்காக அவனுக்கும் எழுதுகிறேன். இந்த வருடத்தில் சிறந்த புத்தகம் உங்களுடையது என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.'

கிழிந்த பக்கங்களை ரோஸி துடைத்து, காயவைத்து, அடுக்கி வைத்திருந்தாள். பழுப்பாகக் கறை படிந்திருந்தன. அவற்றையும் உறைக்குள் வைத்தேன். பஞ்சர் ஒட்டும் பசையைப் பரசுராமன் விளிம்பில் தடவிக் கட்டைவிரலால் அழுத்தினார். மறுநாள் ஷிப்டுக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டேன்.